வரைபடம் எவ்வளவு தப்பலாம்?

தியாகதுருகத்தில் மலைக்கோட்டையைப் பார்த்தபடி குடியிருக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் நான். என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வரப்புத் தகராறோடுதான் வருவார்கள். முன்பு பட்டாவையும் புலப்பட நகலையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். “சர்வேயர் சார், இதக் கொஞ்சம் பாருங்க. என் நெலத்துக் கோடு அவங்க சோளத்துக்குள்ள நாலடி போவுது. அப்ப அது எங்க எடந்தான?” சாட்டிலைட் படத்தின்மேல் மஞ்சளாக ஒரு கோடு. பக்கத்து நிலத்துக்காரரும் சளைத்தவரல்ல. அவருடைய போனில் வேறொரு செயலி; அதில் அதே கோடு இந்தப் பக்கம் தள்ளி விழுந்திருக்கும். இரண்டு பேரும் ஆதாரம் தங்கள் கையில் இருப்பதாக நம்பி போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விடுகிறார்கள்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று சொன்னால்தான் விவகாரம் புரியும். எஃப்.எம்.பி. என்று நாங்கள் சொல்லும் புலப்படத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் தெரியாது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனித் தாள். கல்லிலிருந்து கல்லுக்குச் சங்கிலி பிடித்து, நடுவே ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து வலமும் இடமுமாக மூலைகளுக்கு அளந்து எழுதிய கணக்கு அது. நிலம் எவ்வளவு என்பதைத் தாள் சொல்லும்; நிலம் பூமியில் எங்கே என்பதைக் கல்தான் சொல்லும். கல் நட்ட இடத்தில் நின்றவரை அது போதும். பிறகு தாள்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஏற்றியவற்றை ஒன்றோடொன்று ஒட்டினார்கள். ஒட்டியதைத் தூக்கிச் சாட்டிலைட் படத்தின்மேல் வைத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் நகரும். அடியில் இருக்கும் சாட்டிலைட் படமே சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். இத்தனைக்கும் மேல் கையில் இருக்கும் போன். திறந்த வெளியில்கூடச் சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 4.9 மீட்டர் ஆரத்துக்குள்தான் தன் இடத்தைக் காட்டும் என்று ஜி.பி.எஸ்.ஸை நடத்தும் அமெரிக்க அரசே சொல்கிறது. 4.9 மீட்டர் என்றால் பதினாறு அடி. எங்கள் பக்கத்து வரப்பின் அகலம் இரண்டடி.

பதினாறடி தப்பக்கூடிய கருவியை வைத்துக்கொண்டு நாலடிக்குச் சண்டை. சண்டை போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். “இந்தக் கோடு இத்தனை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்” என்று அந்தத் திரையில் எங்கேயும் எழுதியிருக்காது. “இது சட்டப்படியான ஆவணம் அல்ல” என்று மூலையில் ஒரு வரி இருந்தால் அதிகம். படம் போட்டவர் கைகழுவிக்கொள்ள அந்த வரி உதவும். எத்தனை அடி வரை நம்பலாம் என்று கேட்கிற விவசாயிக்கு அதில் பதில் இல்லை.

அரசு செய்ய வேண்டியது இதுதான்: மக்கள் முடிவெடுக்கப் பயன்படுத்தும் வரைபடம் எவ்வளவு தப்பலாம் என்று வகைவாரியாக அளவு நிர்ணயிக்க வேண்டும். அதைக் களத்தில் சோதித்து, சோதித்த தேதியோடு படத்தின் மேலேயே எழுதச் சொல்ல வேண்டும். கடைத் தராசுக்கு நாம் இதைத்தான் செய்கிறோம். 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைக்காரர்கள் தராசைச் சோதித்து முத்திரை போடுகிறார்கள். எலெக்ட்ரானிக் தராசு என்றால் ஆண்டுக்கொரு முறை. தக்காளி நிறுக்கும் தராசு எத்தனை கிராம் தப்பலாம் என்பதற்கு இந்த நாட்டில் விதி இருக்கிறது. சென்ட் கணக்கில் லட்சங்கள் கைமாறும் நிலத்தின் படத்துக்கு, அதைப் பார்க்கிற குடிமகனிடம் தன் பிழையைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

வரைபடத்தைப் பற்றி அரசுக்குக் கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கவலை வேறு திசையில் இருக்கிறது. இந்தியாவின் எல்லையை சர்வே ஆஃப் இந்தியா படத்துக்கு மாறாக வரைந்து வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் இருக்கிறது. 2016இல் வந்த புவிசார் தகவல் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு, நாட்டின் எல்லையைத் தவறாகக் காட்டினால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை என்றது. எதிர்ப்பு கிளம்பி அது சட்டமாகாமலே போனது. தேசத்தின் எல்லை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்கு வருகிற தகராறுகளில் ஒன்றுகூடச் சீன எல்லையைப் பற்றியதல்ல.

பிறகு 2021 பிப்ரவரி 15 அன்று அறிவியல் தொழில்நுட்பத் துறை புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடம் தயாரிக்கலாம், விற்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். நல்ல காரியம். அந்த ஆவணத்தில் துல்லியத்துக்கு எண்களும் இருக்கின்றன: கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர். என் போன்றவர்கள் அதைப் பார்த்ததும் ‘அப்பாடா, தரம் வந்துவிட்டது’ என்று நினைப்போம். படித்துப் பார்த்தால் சங்கதி நேர்மாறு. அந்த அளவைவிட நுட்பமான தரவை இந்திய நிறுவனங்கள் மட்டுமே உருவாக்கவும் வைத்துக்கொள்ளவும் முடியும் என்பதற்கான கோடு அது. வெளிநாட்டு நிறுவனம் எவ்வளவு சரியாக இருக்கக் கூடாது என்று அரசு எழுதி வைத்திருக்கிறது. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ ஒரு படம் எவ்வளவு தவறாக இருக்கலாம் என்று அதில் எழுதவில்லை.

திட்டத்துக்குத் திட்டம் டெண்டரில் துல்லியம் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. ட்ரோன் பறக்க விடும்போது இத்தனை சென்டிமீட்டர் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த எண் ஒப்பந்தக்காரருக்கும் துறைக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. படம் செயலியாகி எங்கள் ஊர்க்காரர் கைக்கு வரும்போது கோடு மட்டும் வருகிறது, எண் வருவதில்லை.

இது நடக்காத காரியமும் அல்ல. அமெரிக்காவில் 1941இலேயே தேசிய வரைபடத் துல்லியத் தரம் என்று ஒன்று போட்டு 1947இல் திருத்தினார்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் விதி. படத்தில் தெளிவாக அடையாளம் தெரியும் புள்ளிகளைச் சோதிக்க வேண்டும். 1:20,000 அல்லது அதற்கும் சிறிய அளவுத்திட்டப் படம் என்றால், சோதித்தவற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. தேறிய படத்தில் “தரத்துக்கு உட்பட்டது” என்று அச்சிடலாம். தேறாத படத்தை வெளியிடத் தடை இல்லை. அந்த வாக்கியத்தைத்தான் போடக் கூடாது. எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கடைசிப் பகுதிதான். நம்மூரில் பழக்கத்தில் இருக்கும் 1:50,000 நிலவரைபடத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐம்பதில் ஒரு அங்குலம் தரையில் 25 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஏரி எங்கே, மலைப்பாதை எங்கே என்று பார்க்க அது தாராளம். அந்தப் படத்தைப் பெரிதாக்கி வேலி போடுவதென்றால் மடத்தனம். இரண்டும் ஒரே படம்தான். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது.

பிழையைச் சொல்லிவிடுவதுதான் எங்கள் தொழிலின் பரம்பரையும். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். மாபெரும் முக்கோண அளவீட்டின் முதல் கோடு அது. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே பெங்களூர் போய், அங்கே இன்னொரு கோட்டை நிஜமாகவே அளந்து, கணக்கில் வந்ததற்கும் தரையில் வந்ததற்கும் வித்தியாசம் பார்த்தார். ஏழு மைல் நீளக் கோட்டில் சில அங்குல வித்தியாசம். அதையும் மறைக்காமல் எழுதினார். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனுஷன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலிக்கவும் நாடு பிடிக்கவும் நடந்த அளவைதான், புனிதமானது ஒன்றுமில்லை. ஆனாலும் பிழையைக் கணக்கில் எழுதுவது அன்றிலிருந்து எங்கள் வேலையின் பாதி. குறுவட்ட அளவர் அளந்ததைச் சார் ஆய்வாளர் வந்து மறுபடி சங்கிலி போட்டுப் பார்ப்பார். எத்தனை லிங்க் விலகல் என்று புத்தகத்தில் ஏறும். அந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்குள் போகும்போது வாசலிலேயே நின்றுவிட்டது.

நிற்க. மக்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட வகைக்கு வருகிறேன். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பரேலி பக்கம், ராமகங்கை ஆற்றின்மேல் பாதியில் நின்றிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கூகுள் மேப்ஸ் காட்டிய வழியில் போனார்கள் என்றது போலீஸ். பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போயிருந்தது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வரைபட நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் மீதும் வழக்குப் பதிவானது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாலம் படத்தில் இருந்த இடம் சரியாகவே இருந்திருக்கும். மீட்டர் கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. பாலம் முழுதாக இல்லை என்பதுதான் படத்துக்குத் தெரியவில்லை. அதனால் துல்லியம் என்று நான் சொல்வது இடத்தை மட்டுமல்ல. ஐ.எஸ்.ஓ. 19157 என்ற சர்வதேசத் தரம் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது: இடம் சரியா, விடுபட்டது உண்டா, பெயரும் வகையும் சரியா, எந்த நாளின் நிலவரம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அளவு.

பரேலியில் சாவுக்குப் பிறகு யார் பொறுப்பு என்று தேட வேண்டியிருந்தது. சாலையை அடைத்த அதிகாரி அதை இத்தனை மணி நேரத்துக்குள் எந்திரம் படிக்கும் வடிவில் அறிவிக்க வேண்டும், வழிகாட்டும் செயலி அதை இத்தனை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று முன்பே விதி இருந்தால், பொறுப்பு கடிகாரத்திலேயே தெரிந்துவிடும். சேலம்–உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையில் ஓரிடத்தில் வண்டியைத் திருப்பி விடுகிறார்கள் என்றால் மணல்மூட்டையும் ஒரு தகரப் பலகையும் வைக்கிறார்கள். பலகை ஓட்டுநர் கண்ணுக்கு. செயலியின் கண்ணுக்கு யார் பலகை வைப்பது?

அமெரிக்காவில் அவசர உதவி எண்ணான 911க்கு செல்போனில் அழைத்தால், எண்பது சதவீத அழைப்புகளில் அழைத்தவர் இருக்கும் இடம் 50 மீட்டருக்குள் தெரிய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையம் நிறுவனங்களுக்கு அளவு வைத்திருக்கிறது. மாடிக் கட்டடங்களுக்காக உயரத்திலும் மூன்று மீட்டர் என்று சேர்த்தார்கள். நம் நாட்டிலும் பஸ்ஸில் மாட்டும் இருப்பிடக் கருவிக்கு ஏ.ஐ.எஸ்.-140 என்று தரம் உண்டு. கருவி சரியாக இருந்து, அது நகரும் படம் தவறாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கத்தான் ஆளில்லை. 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்று பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நாட்டையே ஏறக்குறைய நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. யோசனையில் குறையில்லை. ஆனால் கட்டம் நான்கு மீட்டர், அதைக் கண்டுபிடிக்கும் போன் தப்புவது ஐந்து மீட்டர். ஓட்டு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் நத்தத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் குறியீட்டை மற்றவர் எடுத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. கட்டம் சின்னதாக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த விஷயம் ஏன் கூடுதலாக உறைக்கிறது என்றால், இங்கே சமவெளியும் மலையும் ஒன்றாக இருக்கின்றன. வீடு மாறாமலே மூன்று மாவட்டம் பார்த்தவர்கள் நாங்கள். 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. விழுப்புரம் மாவட்டம் என்று காட்டும் படங்களை இன்றும் பார்க்கிறேன். சமவெளிக்காரனுக்கு அது சிரிப்பு. கூரியர் ஒருநாள் தாமதம், அவ்வளவுதான். கல்வராயன் மலைக்குப் போனால் சிரிப்பு அடங்கிவிடும். மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. 1976இல்தான் அரசு அதைத் தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. சமவெளியில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து அடுக்கடுக்காகக் காகிதம் இருக்கிறது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த எண்பதுகளின் யு.டி.ஆர். பணியில் நேர்ந்த எழுத்துப் பிழைக்கு இன்றைக்கும் திருத்த மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய காகிதம் இருக்கிறது. மலையில் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம் தலைமுறையாகச் சாமையும் மரவள்ளியும் போடுகிற கொல்லைக்கு அப்படி எதுவும் இல்லை. அங்கே வன உரிமைச் சட்டத்தின்கீழ் வரையப்படுகிற படம்தான் முதல் காகிதம். அது தப்பினால் எதை வைத்துத் திருத்துவது?

இந்த இடத்தில்தான் 2022 டிசம்பரில் வெளியான தேசிய புவிசார் கொள்கை எனக்கு நெருடுகிறது. 2030க்குள் ஊர்களையும் நகரங்களையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நுட்பத்தில் படமெடுப்பதாக அதில் இலக்கு. காடும் தரிசும் என்றால் 50 முதல் 100 சென்டிமீட்டர். உயரத்தில் சமவெளிக்கு 25 சென்டிமீட்டர், மலைக்கு ஒன்று முதல் மூன்று மீட்டர். செலவுக் கணக்கு புரிகிறது. ஆளில்லாத காட்டை அங்குலம் அங்குலமாக யார் அளப்பார்கள்? ஆனால் கல்வராயன்மேல் இருக்கும் கரியாலூரும் வெள்ளிமலையும் சேராப்பட்டும் ஆளில்லாத காடா? கோப்பில் வனம் என்று இருக்கும் இடத்தில் அடுப்பு எரிகிறது. மலையில் உயரக் கணக்குத் தப்பினால் அது உயரத்தோடு நிற்பதும் இல்லை. சாட்டிலைட் சாய்ந்த கோணத்தில் பார்க்கிறது; உயரம் தவறினால் படத்தில் அந்த இடமே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். சரிவில் இருக்கும் கொல்லையின் எல்லை அதனோடு சேர்ந்து நகரும். ஆகவே எங்கே பழைய காகிதம் இல்லையோ, எங்கே தரை சாய்ந்திருக்கிறதோ அங்கேதான் கண்டிப்பான அளவு வேண்டும். கொள்கை அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

வன உரிமை விதிகளில் 2012இல் செய்த திருத்தத்தில் ஒரு நல்ல வரி உண்டு. சாட்டிலைட் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகாது என்கிறது அது. படத்தின் பிழையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட விதி என்று நான் அறிந்தது அந்த ஒன்றுதான். அதுவும் எத்தனை மீட்டர் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர் “இந்தப் புளியமரம் வரைக்கும் எங்க பாட்டன் உழுதது” என்று சொல்வதும் திரையில் தெரியும் கோடும் முரண்பட்டால், திரைக்கு எதிரே பெரியவர் தோற்பதே வழக்கம். “இந்தக் கோடு பத்து மீட்டர் தப்பலாம்” என்று திரையிலேயே எழுதியிருந்தால் புளியமரத்துக்கும் ஒரு மதிப்பு வந்திருக்கும்.

மலையில் அவசரத்துக்கு வண்டி கூப்பிடுவதும் இதே கதை. பல குக்கிராமங்களுக்குச் சேர்த்துத் தாய்க்கிராமத்தின் பெயரில் ஒரே புள்ளியைக் குத்தி வைத்திருப்பார்கள். நடுவில் ஓடையும் ஏற்றமும் இருப்பதைப் புள்ளி சொல்லாது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் பேசப்பட்டன. எந்தக் குக்கிராமம் எங்கே இருக்கிறது என்ற சரியான பட்டியல் இல்லாமல் இவற்றில் எதையும் திட்டமிட முடியாது என்பதையும் யாராவது அந்தக் கட்டில் சேர்த்தால் நல்லது.

எதிர்ப்பு வரும். தரம் என்று சொன்னாலே லைசென்ஸ் ராஜ்யம் திரும்பிவிடும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மாதிரி தன்னார்வலர்கள் வரையும் படங்கள் செத்துவிடும் என்பார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அரசாங்கம் ஒரு தெரு கூடக் குறிக்காத இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வரைந்த தெருக்கள் இருக்கின்றன. அவர்களிடம் அனுமதிச் சீட்டு கேட்கக் கூடாது. கட்டாயம் மூன்று வகைக்குப் போதும்: நில எல்லையைக் காட்டும் படம், அவசர உதவிக்குப் பயன்படும் இடத்தரவு, வண்டிக்கு வழிகாட்டும் படம். மற்றவர்கள் விரும்பினால் அளவைப் போட்டுக்கொள்ளட்டும். இதைவிடப் பெரிய தடை வேறு. தரம் வைத்தால் முதலில் தேறாமல் போவது அரசின் சொந்தப் படங்களாகத்தான் இருக்கும். அது தெரிந்தே தள்ளிப் போடுவார்கள். தேறாவிட்டால் என்ன? அமெரிக்க விதியைப் போல வெளியிடத் தடை வேண்டாம்; எவ்வளவு தப்பலாம் என்ற எண்ணை மட்டும் உண்மையாகப் போடட்டும். ‘பன்னிரண்டு மீட்டர் தப்பலாம்’ என்று எழுதிய அரசுப் படம் எனக்குப் போதும். அதை வைத்துச் சோளக்கொல்லைச் சண்டையை ஐந்து நிமிடத்தில் முடித்து, இரண்டு பேரையும் கல் தேடப் போகச் சொல்வேன்.

இதற்குப் புது ஆணையமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. நில அளவைத் துறையில் துல்லியமாக இடம் காட்டும் டி.ஜி.பி.எஸ். கருவிகள் இருக்கின்றன, பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். 1998இன் அமெரிக்கத் தரம் ஒரு படத்தைச் சோதிக்கக் குறைந்தது இருபது புள்ளிகள் கேட்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒவ்வொரு வட்டத்துக்கும் இருபது புள்ளி எடுத்து, கிணற்று மூலை, பாலத்தின் கைப்பிடி, கல் என்று நகராத அடையாளங்களில் கருவியை வைத்து, செயலி காட்டுவதற்கும் தரைக்கும் எத்தனை மீட்டர் என்று ஒரு பக்கம் அச்சடித்துத் தாலுகா அலுவலகச் சுவரில் ஒட்டலாம். ஒரு கோடை போதும். ஒன்றுதான் நிபந்தனை: கல்வராயன்மலை வட்டத்துக்கான இருபதும் மலைமேல் இருக்க வேண்டும். கச்சிராயப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு அடிவாரத்திலேயே அளந்து முடித்துவிட்டு வரக் கூடாது.